டிஜிட்டல் எக்ஸ்ரே படத்தை மேம்படுத்துவது: எதைத் துலக்கலாம், எதைத் துலக்க முடியாது

நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போது நுரையீரலைக் கடந்து வரும் கதிரின் அளவுக்கும், இதயத்தையும் முதுகெலும்பையும் கடந்து வரும் கதிரின் அளவுக்கும் சுமார் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கும். பிலிம் காலத்தில் இதுதான் பெரிய தலைவலி. நுரையீரல் நன்றாகத் தெரிகிற அளவில் எடுத்தால் இதயத்துக்குப் பின்னால் வெறும் வெள்ளை. முதுகெலும்பு தெரியட்டும் என்று கதிரைக் கூட்டினால் நுரையீரல் கருகிவிடும். டிஜிட்டல் டிடெக்டர் இரண்டையும் ஒரே தடவையில் பதிவு செய்துவிடுகிறது. ஆனால் பதிவானது முழுவதையும் திரை காட்டாது. காட்டினாலும் கண்ணுக்குப் பிடிபடாது. பதிவானதற்கும் பார்க்க முடிவதற்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியில்தான் பட மேம்பாடு எனப்படும் வேலை அனைத்தும் நடக்கிறது.

டிடெக்டர் பிடிக்காத எதையும் மென்பொருளால் கொண்டுவர முடியாது. பிடித்ததில் எதை முன்னால் நிறுத்துவது, எதைப் பின்னால் தள்ளுவது என்பதை மட்டுமே அது முடிவு செய்கிறது. ஒன்றைத் துலக்கினால் இன்னொன்று மங்கும். அந்த விலை தெரியாமல் பொத்தானை அழுத்துகிறவர் படத்தை அழகாக்கலாம். நோயைக் கண்டுபிடிக்க உதவினார் என்று சொல்ல முடியாது.

டிடெக்டரில் என்ன இருக்கிறது

இப்போது பரவலாக உள்ள தட்டையான டிடெக்டரில் மேலே சீசியம் அயோடைடு படலம் ஒன்று இருக்கும். எக்ஸ்ரே அதில் பட்டால் ஒளி உண்டாகும். கீழே உள்ள சிலிக்கான் அடுக்கு அந்த ஒளியை மின்னூட்டமாக்கி, பிக்சல் பிக்சலாக எண்ணாக்கித் தரும். மார்பக எக்ஸ்ரே கருவிகள் பலவற்றில் செலினியம் அடுக்கு இருக்கும். அங்கே ஒளி என்ற இடைப்படியே கிடையாது, எக்ஸ்ரே நேராக மின்னூட்டமாகிவிடும்.

35க்கு 43 செ.மீ. டிடெக்டரில் ஒரு பிக்சல் 0.14 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் படம் ஏறக்குறைய 2500க்கு 3000 பிக்சல். அதாவது 75 லட்சம் எண்கள். 14 பிட் கருவியில் ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 16,383 வரை எதுவாகவும் இருக்கலாம். சாதாரணக் கணினித் திரையோ 256 சாம்பல் நிலைகளைத்தான் காட்டும்.

இந்த எண்கள் வந்த கையோடு பார்க்கும் நிலையில் இருக்காது. கதிரே படாதபோதும் ஒவ்வொரு பிக்சலிலும் கொஞ்சம் மின்னூட்டம் கசிந்திருக்கும். ஒரே அளவு கதிர் பட்டாலும் எல்லாப் பிக்சலும் ஒரே எண்ணைச் சொல்லாது. சில பிக்சல்கள் செத்தே போயிருக்கும். ஆகவே முதல் வேலை சரிசெய்தல். கதிர் இல்லாமல் எடுத்த இருட்டுப் படத்தைக் கழிக்க வேண்டும். பிறகு, எதுவும் வைக்காமல் சீரான கதிரில் எடுத்த வெற்றுப் படத்தால் வகுக்க வேண்டும். செத்த பிக்சலுக்கு அக்கம்பக்கப் பிக்சல்களின் சராசரியை இட வேண்டும். இதைக் கருவியே செய்துகொள்ளும். வெற்றுப் படம் எடுக்கிற நாளில் எக்ஸ்ரே குழாய்க்கும் டிடெக்டருக்கும் நடுவே ஒரு பஞ்சுத் துண்டோ, உலர்ந்த கான்ட்ராஸ்ட் மருந்துக் கறையோ இருந்தால், அதன் தலைகீழ் நிழல் அடுத்த வெற்றுப் படம் எடுக்கும் வரை எல்லா நோயாளியின் படத்திலும் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருக்கும். வெவ்வேறு ஆட்களின் படத்தில் ஒரே மூலையில் ஒரே கறை வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது மடக்கை. இது ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சிறு கட்டி தன் வழியே வரும் கதிரில் 10 சதவீதத்தைத் தடுக்கிறது என்று கொள்வோம். நுரையீரலின் திறந்த பகுதியில் 10,000 ஆக இருந்த எண் 9,000 ஆகும், வித்தியாசம் 1,000. அதே கட்டி இதயத்துக்குப் பின்னால் இருந்தால் 1,000 என்பது 900 ஆகும். வித்தியாசம் வெறும் 100. இரண்டும் ஒரே கட்டி. எண்களின் மடக்கையை எடுத்துவிட்டால் இரண்டு இடத்திலும் வித்தியாசம் ஒன்றாகிவிடும். பிறகு செய்யும் எல்லாச் செயலாக்கத்துக்கும் இதுவே அடித்தளம்.

விண்டோ: எல்லாவற்றிலும் முக்கியமானது

பதிவான எண்களில் எந்த வரம்பைத் திரையில் விரித்துக் காட்டுவது என்ற தேர்வுக்குத்தான் விண்டோ என்று பெயர். மருத்துவமனைகளில் எக்ஸ்ரே, சி.டி. படங்கள் சேமிக்கப்படும் டைகாம் கோப்பில் விண்டோவுக்கென்று இரண்டு எண்கள் உண்டு: மையம், அகலம். மையம் 1500, அகலம் 400 என்றால் 1300க்குக் கீழ் எல்லாம் ஒரே கருப்பு, 1700க்கு மேல் எல்லாம் ஒரே வெள்ளை. நடுவில் உள்ள 400 எண்கள் மட்டும் 256 சாம்பல் நிலைகளில் பரவும்.

12 பிட் படத்தின் 4096 நிலைகளை அப்படியே 256க்குள் சுருக்கினால் 16 எண்கள் ஒரே சாம்பலாகிவிடும். 1504 முதல் 1519 வரை எல்லாமே 94. அரிசி அளக்கிற படியால் ஏலக்காய் அளப்பது போன்ற கதை. மேலே சொன்ன விண்டோவை வைத்தால் 1504 என்பது 130 ஆகவும், 1516 என்பது 138 ஆகவும் தனித்தனியே தெரியும். படத்தில் எதுவும் மாறவில்லை. பார்க்கும் இடத்துக்குத் திரையின் முழுத் திறனையும் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். விலையும் கண்முன்னே தெரிகிறது: 1300க்குக் கீழும் 1700க்கு மேலும் இருந்தவை காணாமல் போயின.

மருத்துவ மாணவர்கள் விண்டோவைத் தொடாமலே படத்தைப் படித்துவிட்டு நகர்வதுண்டு. அது பாதிப் படம். நெஞ்சுப் படத்தில் ஒரு முறை நுரையீரலுக்கு, ஒரு முறை இதயத்துக்குப் பின்னாலும் உதரவிதானத்துக்குக் கீழும், ஒரு முறை விலா எலும்புக்கு என்று சுட்டியை நகர்த்திப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். கருப்பு வெள்ளையைத் தலைகீழாக்குவதும் சிலருக்கு உதவும், குறிப்பாக உணவுக்குழாய் வழி இறக்கிய குழாயின் நுனி எங்கே நிற்கிறது என்று தேடும்போது. இனி வரும் உத்திகள் எல்லாவற்றையும்விட அதிகப் பயன் தருவதும், படத்துக்கு எந்தக் கெடுதலும் செய்யாததும் விண்டோ ஒன்றுதான்.

மாறுபாட்டைக் கூட்டுதல்

விண்டோவைக் கையால் நகர்த்தாமல் கணினியே சாம்பல் நிலைகளைப் பங்கிட்டுத் தர வேண்டும் என்றால் ஹிஸ்டோகிராம் சமப்படுத்தலுக்குப் போக வேண்டும். எந்த எண்ணில் எத்தனை பிக்சல் உள்ளது என்று எண்ணி, கூட்டம் அதிகமுள்ள இடத்துக்கு அதிகச் சாம்பல் நிலைகளை ஒதுக்குவது இதன் வேலை. எக்ஸ்ரேயில் இதை நேராகப் போட்டால் சொதப்பும். உடலுக்கு வெளியே உள்ள வெற்று இடம்தான் பல படங்களில் பெருங்கூட்டம். சாம்பல் நிலைகளில் பெரும்பங்கை அதுவே விழுங்கிவிடும். முதலில் உடல் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதற்குள் கணக்கிட வேண்டும்.

இதன் மேம்பட்ட வடிவம் சுருக்கமாகக் கிளாஹே என்று அழைக்கப்படுகிறது. படத்தை 8க்கு 8 என 64 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியே சமப்படுத்தும். ஒரு கட்டத்தில் ஓர் எண் மட்டும் அளவுக்கு மீறி உயர்ந்தால் அதை ஒரு வரம்பில் வெட்டி, மிச்சத்தை மற்ற எண்களுக்குப் பகிர்ந்துவிடும். கட்டங்களின் எல்லை கோடாகத் தெரியாதபடி இடைமதிப்பிட்டு இணைக்கும். வரம்பைக் கூட்டக் கூட மாறுபாடும் (சாம்பல் வித்தியாசம்) இரைச்சலும் (படத்தில் தாறுமாறாகத் தெரியும் புள்ளிகள்) சேர்ந்தே ஏறும். ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நிரல் தொகுப்பில் இந்த வரம்பு தானாக 40 என்றிருக்கும். எக்ஸ்ரேக்கு அது முரட்டுத்தனமான அளவு. 2இல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்பது நல்லது.

கிளாஹே போட்ட நெஞ்சுப் படம் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆபத்தும் அங்கேதான். படுத்த நிலையில் எடுத்த படத்தில் ஒரு பக்க நுரையீரல் உறையில் நீர் கோத்திருந்தால், அந்த நீர் முதுகுப் பக்கம் பரவி நிற்கும். படத்தில் அது ஒரு பக்கம் முழுவதும் லேசான மூடுபனியாக மட்டுமே தெரியும். இடதும் வலதும் ஒன்றுபோல இல்லை என்பதே அங்கு நோய்க்குறி. கட்டம் கட்டமாகச் சமப்படுத்தும் முறை இரு பக்கத்தையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடும்; குறி தேய்ந்துவிடும். சிறு கட்டியைத் தேட உதவுகிற அதே உத்தி, பரவலான மங்கலை மறைக்கும்.

ஓரங்களைக் கூர்மையாக்குதல்

படத்தின் மங்கலான நகல் ஒன்றைச் செய்து, அசலிலிருந்து அதைக் கழித்தால் ஓரங்கள் மட்டும் மிஞ்சும். அந்த ஓரங்களைத் திரும்பவும் அசலோடு கூட்டினால் படம் கூர்மையாகும். எண்களில் பார்ப்போம். அருகருகே உள்ள இரு பிக்சல்கள் 100, 120. மங்கலான நகலில் அவை 105, 115 ஆகின்றன. கழித்தால் கிடைப்பது −5, +5. அசலோடு கூட்டினால் 95, 125. வித்தியாசம் 20இலிருந்து 30 ஆகிவிட்டது. ஓரம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் 100 ஆக இருந்த இடம் 95 ஆகியிருக்கிறது. உடலில் இல்லாத ஒரு கருங்கோடு ஓரத்தை ஒட்டி முளைத்திருக்கிறது.

மங்கலாக்கும் சதுரத்தின் அளவு எதைத் துலக்குகிறோம் என்பதைத் தீர்மானிக்கும். 0.14 மி.மீ. பிக்சலில் 5 பிக்சல் சதுரம் என்பது 0.7 மி.மீ.; எலும்பின் உள் வலையமைப்பும் மயிரிழை முறிவும் துலங்கும், கூடவே இரைச்சலும். 51 பிக்சல் என்றால் சுமார் 7 மி.மீ.; இரத்தக் குழாய்களும் சிறு கட்டிகளும் எடுப்பாகும்.

அந்தக் கருங்கோடு சாதாரண எலும்பு ஓரத்தில் பெரிய சேதம் செய்யாது. உலோகத்தை ஒட்டி வரும்போதுதான் வம்பு. இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவரின் படத்தில் உலோகத் தண்டுக்கும் எலும்புக்கும் இடையே எண் வித்தியாசம் மிகப் பெரியது. ஆகவே தண்டைச் சுற்றி வரும் கருங்கோடும் தடிமனாக இருக்கும். மூட்டு தளர்ந்துபோனால் தெரியும் இடைவெளியும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். பிரித்தறிய ஒரு வழி: உலோகத்தின் ஓரம் முழுக்க, எலும்பே இல்லாத தசைப் பகுதியிலும்கூட, ஒரே அகலத்தில் கோடு ஓடினால் அது மென்பொருள் வரைந்தது. உண்மையான தளர்வு ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் குறுகியும் இருக்கும்; பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால் மாறியிருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் கூர்மையாக்காத படத்தை டெக்னீஷியனிடம் கேட்டு வாங்க வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடும் நியூமோதோராக்ஸிலும் இதே கதை உண்டு. நுரையீரல் உறையின் மெல்லிய கோடு கூர்மையாக்கினால் நன்றாகத் தெரியும். தோல் மடிப்பின் ஓரமும் அதே போலக் கோடாகிக் குழப்பும்.

இப்போதைய கருவிகள் ஒரே ஒரு சதுரத்தை நம்புவதில்லை. படத்தைப் பாதி, கால், அரைக்கால் எனச் சுருக்கிக்கொண்டே போய், ஒவ்வோர் அளவிலும் உள்ள விவரத்தைத் தனித்தனி அடுக்காகப் பிரிக்கின்றன. 1983இல் பர்ட்டும் அடெல்சனும் வெளியிட்ட லாப்லாசியன் பிரமிடு என்ற முறையின் வழி வந்தவை இவை. ஒவ்வோர் அடுக்கிலும் சிறிய மாறுபாடுகளை மட்டும் பெருக்கி, ஏற்கெனவே பெரிதாக இருப்பதைத் தொடாமல் விட்டு, மீண்டும் ஒன்றுசேர்க்கும். நுரையீரலும் முதுகெலும்பும் ஒரே படத்தில் தெரிவது இதனால்தான். உலோக ஓரத்துக் கருங்கோடும் வெகுவாகக் குறையும். எத்தனை மடங்கு பெருக்குவது என்பதைக் கருவியில் நெஞ்சு, கை, வயிறு எனத் தேர்ந்தெடுக்கும் உறுப்புப் பெயரே முடிவு செய்யும். கை எக்ஸ்ரேயைத் தவறுதலாக நெஞ்சு என்று தேர்ந்தெடுத்து எடுத்தால் படம் விசித்திரமாக வருவதன் காரணம் இதுதான். கதிர் சரியாகப் பட்டிருந்தால் மறுபடி எடுக்கத் தேவையில்லை, சரியான பெயரில் மறுபடி செயலாக்கினால் போதும்.

இரைச்சல், கதிரின் அளவு

எக்ஸ்ரே துகள் துகளாக, தாறுமாறாக வந்து விழுவது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 துகள், அதாவது ஃபோட்டான், விழுந்தால் அதன் ஏற்ற இறக்கம் 10. அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, 1 சதவீதம்தான். படம் இரு மடங்கு சுத்தமாக வேண்டும் என்றால் கதிரை நான்கு மடங்காக்க வேண்டும். நோயாளியின் உடலுக்கும் நான்கு மடங்கு.

இரைச்சலைக் குறைக்கும் வடிகட்டிகள் எல்லாம் பக்கத்துப் பிக்சல்களைக் கேட்டு முடிவெடுப்பவை. சராசரி எடுப்பவை ஓரங்களையும் மழுங்கடிக்கும். 3க்கு 3 சதுரத்தில் நடு மதிப்பை எடுக்கும் மீடியன் வடிகட்டி ஓரத்தைக் காப்பாற்றும்; ஆனால் ஓரிரு பிக்சல் அளவே உள்ள வெண்புள்ளியைக் கோளாறு என்று எண்ணி அழித்துவிடும். மார்பகப் படத்தில் அந்த வெண்புள்ளி சுண்ணாம்புத் துகளாக இருந்தால், மருத்துவர் தேடிக்கொண்டிருந்ததே அதுதான். இன்னொரு சிக்கல்: எக்ஸ்ரே இரைச்சல் படம் முழுக்க ஒரே அளவில் இருக்காது, எண்ணோடு சேர்ந்து மாறும். ஆகவே 1948இல் ஆன்ஸ்கோம் தந்த வாய்பாட்டின்படி எண்ணோடு எட்டில் மூன்றைக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை இரட்டித்து, இரைச்சலை ஒரே சீராக்கிய பிறகு வடிகட்டுவது வழக்கம்.

உடலுக்குள் சிதறித் திசைமாறி வரும் கதிரும் படத்தில் புகைபோலப் படியும். அதைத் தடுக்கத்தான் டிடெக்டருக்கு முன்னால் ஈயக் கீற்றுகள் கொண்ட கிரிட் வைக்கிறார்கள். கிரிட் இல்லாமல் எடுத்துவிட்டு, சிதறலைக் கணக்கிட்டுக் கழிக்கும் மென்பொருளும் இப்போது உண்டு. புகையை அது கழிக்கும். புகையோடு வந்த இரைச்சலைக் கழிக்க முடியாது. எந்தெந்த ஃபோட்டான் சிதறி வந்தது என்று அதற்குத் தெரியாது.

பிலிமில் கதிர் கூடினால் படம் கருத்துக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் வெளிச்சத்தை மென்பொருளே சரிசெய்துகொள்வதால் கூடுதல் கதிரில் எடுத்த படம் இன்னும் சுத்தமாகத்தான் தெரியும். யாரும் குறை சொல்லமாட்டார்கள். அளவு மெதுவாக ஏறிக்கொண்டே போகும். இதைக் கண்காணிக்கவே 2008இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் ஒரு பொதுவான குறியீட்டை வகுத்தது. அதில் விலகல் எண் என்று ஒன்று வரும். 0 என்றால் குறிவைத்த அளவு, +3 என்றால் இரு மடங்கு, −3 என்றால் பாதி. படம் நன்றாக இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்ப்பதைவிட இந்த எண்ணைத் தினமும் பார்ப்பது முக்கியம். −6க்குப் போன படத்தில் எந்த வடிகட்டியைப் போட்டாலும் சிறு விவரம் மீளாது. +10ஐத் தாண்டினால் சில டிடெக்டர்களில் நுரையீரல் ஓரமும் தோலும் உச்ச எண்ணில் முட்டி நின்றுவிடும். அங்கே விண்டோவைத் திருப்பினாலும் ஒன்றும் கிடைக்காது.

கடைசிக் கண்ணி: திரை

இவ்வளவும் செய்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் விழும் மடிக்கணினியில் படத்தைப் பார்த்தால் பாதி உழைப்பு வீண். நோயறிதலுக்கான திரை குறைந்தது சதுர மீட்டருக்கு 350 கேண்டெலா வெளிச்சமும், மார்பகப் படத்துக்கு 420 கேண்டெலாவும் தர வேண்டும் என்பது அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் அளவுகோல். கரும்பகுதியிலும் வெண்பகுதியிலும் ஒரு படி வித்தியாசம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியும்படி டைகாமின் 14ஆம் பகுதி ஒரு சாம்பல் வளைவை வகுத்திருக்கிறது. திரையை அதற்கு ஏற்ப அளவீடு செய்ய வேண்டும். விலை உயர்ந்த கருவி இல்லாமலே ஒரு சோதனை உண்டு. கருப்புக்குள் 5 சதவீதச் சாம்பல், வெள்ளைக்குள் 95 சதவீதச் சாம்பல் சதுரங்கள் உள்ள சோதனைப் படத்தைத் திறக்க வேண்டும். இரண்டில் ஒன்று தெரியாவிட்டாலும் அந்தத் திரையில் எக்ஸ்ரே படிக்கக் கூடாது.

வாட்ஸ்அப்பில் எக்ஸ்ரேயைப் படம் பிடித்து அனுப்புவது இங்கே அன்றாட நடைமுறையாகிவிட்டது. திரையைச் செல்போனால் எடுத்தால் அலையலையாகக் கோடுகள் விழும், பிரதிபலிப்பு விழும்; அனுப்பும்போது 8க்கு 8 கட்டங்களாகச் சுருக்கப்பட்டு நுண்விவரம் போய்விடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், நோயாளியின் பெயரை நீக்கிவிட்டு, பார்வை மென்பொருளிலிருந்தே படத்தை ஏற்றுமதி செய்து, புகைப்படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பலாம். அப்போது அது சுருங்காது. விண்டோவைத் திருப்பிப் பார்க்கும் வசதி மட்டும் எதிர்ப்பக்கத்தில் இருக்காது.

நீங்களே செய்து பார்க்க

ஜப்பானியக் கதிரியல் தொழில்நுட்பச் சங்கத்தின் இலவசத் தொகுப்பில் 247 நெஞ்சுப் படங்கள் உள்ளன; 154இல் கட்டி உண்டு, 93இல் இல்லை. பிலிமை ஸ்கேன் செய்தவை. 2048க்கு 2048 பிக்சல், ஒரு பிக்சல் 0.175 மி.மீ., 12 பிட். கோப்பின் தொடக்கத்தில் அளவு, பிட் போன்ற விவரக் குறிப்பு எதுவும் கிடையாது. ஒரு பிக்சலுக்கு 2 பைட், மதிப்பு கூடிய பைட் முதலில். பைட் வரிசையை மாற்றிப் படித்தால் படத்துக்குப் பதில் குப்பைதான் வரும். எலும்பு கருப்பாகத் தெரிந்தால் 4095இலிருந்து கழித்துத் திருப்பிக்கொள்ளுங்கள். டைகாம் கோப்புகளிலும் இந்தத் தலைகீழ்ச் சிக்கல் வரும். மோனோக்ரோம்1 என்றிருந்தால் சிறிய எண்தான் வெள்ளை. செயலாக்கத்துக்கான படமா, ஏற்கெனவே மெருகேற்றிய காட்சிப் படமா என்ற குறிப்பையும் கோப்பில் பாருங்கள். மெருகேற்றியதன் மேல் மறுபடி மெருகேற்றினால் இரைச்சலும் கருங்கோடும் இரட்டிக்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: உடல் பகுதியைப் பிரித்தெடுத்தல், லேசான இரைச்சல் நீக்கம், பிறகு மாறுபாடு, கடைசியில் கூர்மை. முதலிலேயே கூர்மையாக்கினால் இரைச்சலையும் ஓரம் என்று நினைத்துப் பெருக்கிவிடுவீர்கள். 8 பிட்டுக்கு மாற்றுவதை எல்லாம் முடிந்த பிறகு செய்யுங்கள். அசல் கோப்பின் மேல் எதையும் எழுதாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு வழியாக விலா எலும்பை அழித்துக் காட்டும் கருவிகளும், தெளிவைக் கூட்டும் கருவிகளும் வந்துவிட்டன. விலா எலும்பின் பின்னால் ஒளிந்திருக்கும் கட்டியைக் காண முதல் வகை உண்மையிலேயே உதவுகிறது. இரண்டாம் வகையில் எச்சரிக்கை தேவை. பழகிய படங்களில் வழக்கமாக இருப்பதை இங்கேயும் வரைந்துவிடும் பழக்கம் அதற்கு உண்டு. காசநோய் உள்ளவர்களைத் தேடும் பரிசோதனையில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் நெஞ்சுப் படங்களைப் படிக்கக் கணினி மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. அத்தகைய மென்பொருளுக்குப் படத்தைக் கொடுக்கும் முன் நீங்களாகக் கிளாஹே போட்டு அழகாக்கிக் கொடுக்காதீர்கள். அது பழகிய படங்களின் தோற்றம் வேறு. மதிப்பெண் எந்தப் பக்கமும் சரியலாம்.

செய்த மேம்பாடு பயன்பட்டதா என்று எப்படி அறிவது? மாணவர் ஆய்வுகள் பலவும் என்ட்ரோபி (சாம்பல் நிலைகள் எவ்வளவு பரவிக் கலந்திருக்கின்றன என்ற அளவு) ஏறியது, மாறுபாட்டு எண் ஏறியது என்று அட்டவணை போட்டு முடித்துவிடுகின்றன. வெறும் இரைச்சலைத் தூவினாலே என்ட்ரோபி ஏறும். உருப்படியான சோதனைக்கு மருத்துவர்கள் வேண்டும். கட்டி உள்ள படங்களையும் இல்லாத படங்களையும் கலந்து, எது எது என்று சொல்லாமல் காட்ட வேண்டும். ஒரு முறை அசலாக, சில வாரம் கழித்து மேம்படுத்தியதாக. ஒவ்வொன்றிலும் எவ்வளவு உறுதியாகச் சந்தேகிக்கிறார்கள் என்று 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொல்ல வேண்டும். கூடுதலாக எத்தனை கட்டிகள் பிடிபட்டன என்பதோடு, இல்லாத கட்டியை எத்தனை பேரிடம் பார்த்தார்கள் என்பதையும் எண்ண வேண்டும். மேலே சொன்ன 154க்கு 93 தொகுப்பைக் கொண்டே இதைத் தொடங்கலாம்.